தியாகராஜாவின் கருஞ்சேவல்கள்

தியாகராஜாவுக்கு அருவருப்பு வராத பொருள் இந்த உலகத்தில் குறைவு. கண்டி மாநகரசபையின் முறைப்பாட்டு மேசையில் இருபத்தாறு வருடம் குந்தியிருந்த மனிதர் அவர். அடைபட்ட சாக்கடைக் கான், அள்ளாத குப்பை, மூன்று நாளாக நாறும் செத்த நாய், அடுத்த வீட்டுக் கக்கூஸ் குழி என்று ஊரின் அழுக்கெல்லாம் காலை எட்டரையிலிருந்து அவர் காது வழியாகத்தான் போய்வரும். வேலைசெய்யும் கந்தோரின் தேநீரை அவர் குடிக்கமாட்டார். கோப்பையின் விளிம்பை நினைத்தாலே அவருக்குக் குமட்டும். குண்டசாலை பஸ்ஸில் கையில் கைலேஞ்சித் துணியைச் சுற்றித்தான் கம்பியைப் பிடிப்பார். "என்னையும் அருவருத்துத்தான் இருந்திருப்பாரு, தாலி கட்டின பிறகு வேற வழியில்லாம பழகிட்டாரு" என்று அவர் மனைவி கமலம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவர் கோழி வளர்க்கப் போனார் என்றால் யார் நம்புவார்கள்? கோழியைப் போல அசிங்கம் பண்ணும் பிராணி வேறு உண்டா?

எல்லாம் தொண்ணூற்றிரண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெல்தெனியச் சந்தையில் ஆரம்பித்தது. வாழைக்கன்று வாங்கப் போனவர், ஒரு கூடைக்குள் பேண்டம் கோழி மூன்றைக் கண்டார். இரண்டு பெட்டை, ஒரு சேவல். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய குள்ளச் சாதி. அந்தச் சேவல் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தது. கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு. மழை நனைத்த தார் ரோட்டில் எண்ணெய் சிந்தினால் ஒரு பச்சை ஓடுமே, அந்தப் பச்சை வெயிலில் அதன் முதுகெல்லாம் ஓடியது. தியாகராஜா வாழைக்கன்றை மறந்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கூண்டில் விட்ட பிறகுதான் கண்ணில் பட்டது. கழுத்தில், காதுக்குக் கீழே, மூன்று சிவப்பு இறகு. வெள்ளைச் சட்டையில் வெற்றிலைச் சாறு தெறித்த மாதிரி. அவருக்கு உடம்பு கூசியது. உட்கார்ந்து மூன்றையும் பிடுங்கிப் போட்டார். ஆறு கிழமை கழித்து அதே இடத்தில் அதே மூன்றும் அதே சிவப்பில் முளைத்து நின்றன.

இறகைப் பிடுங்கிப் பயனில்லை, இரத்தத்திலிருந்துதான் பிடுங்க வேண்டும் என்று அன்றைக்கு அவருக்கு விளங்கியது. நூலகத்தில் கோழி வளர்ப்பு பற்றிய பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து, அகராதியோடு மல்லுக்கட்டி, ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். வேண்டாத நிறம் இரண்டு தலைமுறைக்குப் பதுங்கிக் கிடந்துவிட்டு மூன்றாவதில் தலையை நீட்டும். அதை விடாமல் துரத்தினால் ஒருநாள் ஒழியும். ஒரு சிவப்பு இறகு இல்லாத, ஒரு வெள்ளைப் புள்ளி இல்லாத, பொரிக்கிற குஞ்செல்லாம் ஒன்றுபோல் கறுப்பாகவே வளரும் ஒரு வம்சம். தன் ஆயுளில் ஒரேயொரு காரியமாவது அழுக்கில்லாமல் முடிய வேண்டும் என்று அந்த மனிதர் ஆசைப்பட்டார். அவ்வளவுதான் அவர் கேட்டது.

முதல் வருடமே முட்டாள்தனம் பண்ணினார். பொரித்த குஞ்சுகள் வயிற்றிலும் சிறகு நுனியிலும் வெளிர் மஞ்சளாக இருந்தன. "சீ, வெள்ளை கலந்திருக்கு" என்று அவ்வளவையும் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த றம்லத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். முழுக் கறுப்பாகப் பொரித்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டார். நாலு மாதம் கழித்துப் பார்த்தால், றம்லத்தின் முற்றத்தில் ஆறு சேவல் கரியைக் குழைத்துப் பூசிய மாதிரி நடக்கின்றன. இவர் வைத்துக்கொண்ட இரண்டுக்கும் கழுத்தெல்லாம் சிவப்பு. கறுப்புச் சாதிக் குஞ்சு வெளிறிய வயிற்றோடு பொரித்துத்தான் பிறகு கறுக்கும் என்பது புத்தகத்தில் இருந்தது. இவர் அந்தப் பக்கத்துக்கு இன்னும் வந்து சேர்ந்திருக்கவில்லை.

இரண்டு நாள் தயங்கிவிட்டு வேலிக்கருகே போய், திருப்பித் தர முடியுமா என்று கேட்டார்.

"நேத்துத்தான் ரெண்டு அறுத்தம் அண்ணன்" என்றாள் றம்லத். "மிச்சம் நாலு ஈக்கி. எடுத்துக்கோங்க, எனக்கு எனத்துக்கு?"

அந்த நாலிலிருந்துதான் வம்சம் பிறந்தது. அதன் பிறகு ஓர் ஒழுங்கு வந்தது. ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு நிறம் என்று டெலிபோன் வயரின் பிளாஸ்டிக் உறையை வெட்டிக் காலில் வளையமாகப் போட்டார். எந்தச் சேவல், எந்தப் பெட்டை, எத்தனை குஞ்சு, எதில் எந்த இடத்தில் சிவப்பு என்பதையெல்லாம் மணிமணியான எழுத்தில் கொப்பியில் எழுதினார். சேவல்களுக்கு நாலாவது மாதத்தில் கழுத்து இறகு இறங்கும்போது ஒவ்வொன்றையும் மடியில் வைத்துச் சீப்பால் வாருவார். ஓர் இறகு சிவந்திருந்தாலும் அது வேலிக்கு அந்தப் பக்கம். அங்கே அதற்கு என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை றம்லத் வீட்டிலிருந்து கோழி ஆணம் கொதிக்கும் வாசம் வரும்போது ஜன்னலைச் சாத்திக்கொள்வார்.

கமலத்துக்கு ஒன்றுதான் தாங்கவில்லை. நிறம் நிலைக்க வேண்டுமென்றால் நல்ல சேவலை அதன் மகளோடும், பிறகு பேத்தியோடும் சேர்க்க வேண்டும். இவர் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து விளக்கினார்.

"அப்பனையும் மகளையுமா?" கமலம் சோற்றுக் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "சீச்சீ! சாமிப் படம் இருக்கிற வீட்டுல என்னா பேச்சு இது. கந்தோர்க் கோப்பையில வாய் வைக்க மாட்டாரு, கொல்லையில இந்தக் கருமத்தப் பண்ணுவாரு."

"கோழிக்கு ஒறவு முறை ஏதுடி?"

"பண்ணி வைக்கிற உங்களுக்கு இருக்கணும்ல?"

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆறாவது வருடத்தில் சிவப்பு அறவே நின்றது. முட்டைகளில் பாதி கூமுட்டையாகப் போனது, சில குஞ்சுகளுக்கு விரல் கோணியது. போகட்டும், கறுப்பு கறுப்பாக நின்றது. ஏழாம் வருடம், எட்டாம் வருடம், ஒரு குஞ்சுகூட வேலி தாண்டவில்லை. தியாகராஜா ஓய்வுபெற்று வீட்டோடு இருந்தார். காலையில் கூண்டுகளைக் கழுவிவிட்டு, பன்னிரண்டு சேவலும் வெயிலில் ஒன்றுபோல் பச்சை மின்னி நிற்பதைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருப்பார். அந்த நேரம் மட்டும் அவர் முகம் சுளிக்காமல் இருக்கும்.

ஆனால் ஒருவராவது பார்த்து, விளங்கி, "அடேயப்பா" என்று சொல்ல வேண்டாமா? அதற்காக ஒரு சேவலைக் கோழிக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார். அங்கே முதல் பரிசு வேறொரு சேவலுக்குப் போனது. தியாகராஜா கைலேஞ்சியைத் தண்ணீரில் நனைத்து அதன் கழுத்தை ஒரு துடை துடைத்தார். கைலேஞ்சி கறுத்தது. தலைமயிர்ச் சாயம்! அதைக் கொண்டுபோய் நடுவரிடம் நீட்டினார். நடுவர் வாயில் வடையை வைத்துக்கொண்டு, "கறுப்புத்தானே மிஸ்டர், எல்லாம் கறுப்புத்தானே" என்றார். தியாகராஜா சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்தக் காயத்தோடு இருந்த காலத்தில்தான், இரண்டாயிரத்தொன்றில், பன்வில பக்கத்திலிருந்து பெரியதம்பி என்று ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கூன் விழுந்த முதுகு, சுத்தமான வேட்டி, நெற்றியில் திருநீறு. கறுப்புச் சேவல் இருப்பதாகக் கேள்விப்பட்டேன், பார்க்கலாமா என்று பணிவாகக் கேட்டார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, கேட்காமலே கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

சேவலை அவர் பிடித்த பிடியே வேறு. நெஞ்சை இடது கையில் தாங்கி, கழுத்து இறகை வாயால் ஊதினார். இறகு விரிந்து அடித்தோல் தெரிந்தது. அடி மயிரின் நிறம் பார்த்தார். சிறகை விரித்து ஒவ்வோர் இறகாக எண்ணினார். அலகைத் திறந்து நாக்கைப் பார்த்தார். கால் செதிலைத் தடவினார். ஒரு சேவலுக்குக் கால்மணி நேரம். விரல் கோணிய கிழச் சேவல் ஒன்றை மட்டும், "இது கால்ல குறை, ஆகாதுங்க" என்று மெல்லக் கீழே வைத்தார்.

"ஒரு எறகு மாறலையே ஐயா" என்றார் கடைசியில். "நானும் நாடெல்லாம் அலைஞ்சிருக்கேன். இப்படி ஒரு சுத்தம் பார்த்ததில்லைங்க."

தியாகராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்பது வருடம் காத்திருந்த வார்த்தை. கமலத்தைக் கூப்பிட்டு, விருந்தாளிக்கு வைக்கும் பீங்கான் கோப்பையில் தேநீர் போடச் சொன்னார்.

அன்றிலிருந்து மாதம் தவறாமல் பெரியதம்பி வந்தார். நாலு சேவல், சிலவேளை ஐந்து. கேட்ட விலைக்கு மறுபேச்சில்லை. பெட்டையை மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. அங்கேயே நல்ல பெட்டைகள் இருக்கின்றன போலும் என்று தியாகராஜா தன்னைத்தானே சமாதானம் பண்ணிக்கொண்டார். இத்தனை வருடம் குஞ்சின் வயிறு பார்த்தவருக்கு இது மட்டும் உறைக்கவில்லை. பாராட்டு அப்படிக் கண்ணை மறைத்தது. "குஞ்செல்லாம் நிறம் நிலைச்சு வருதா?" என்று கேட்டால், "ஐயா கைராசி, எல்லாம் நல்லபடியா முடியுதுங்க" என்பார் பெரியதம்பி. முடியுது என்றார். அதையும் இவர் கவனிக்கவில்லை.

இரண்டாயிரத்து மூன்றில் ஒரு பௌர்ணமிப் போயா லீவு நாள். தன் வம்சம் பன்விலையில் எப்படிப் பெருகியிருக்கிறது என்று பார்த்துவர ஆசைப்பட்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வத்தேகம பஸ்ஸைப் பிடித்தார். பெட்டைகளுக்கு என்று ஒரு பொட்டலம் சோளமும் கையில் வைத்திருந்தார்.

பெரியதம்பியின் வீடு தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஓடைக்கரையில் இருந்தது. வாசலில் எட்டுப் பத்துப் பேர் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். மடியில் குழந்தையோடு ஒருத்தி, நல்ல சப்பாத்துப் போட்ட ஒரு கடைக்காரர், சிங்கள ஆட்கள் இரண்டு பேர். தியாகராஜா வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார். கூண்டுகள் இருந்தன, எல்லாம் காலி. ஓடையின் ஓரத்தில் ஈ மொய்த்த ஒரு குவியல் கிடந்தது. தேங்காய் ஓடு, வெட்டின எலுமிச்சம்பழம், குங்குமம் ஊறிய சோறு. அதற்கு மேலே, சிறகு சிறகாக, கறுப்பு. வெயில் பட்ட இடத்தில் அது பச்சையாக மின்னியது.

அவர் அந்தப் பச்சையைத்தான் முதலில் அடையாளம் கண்டார். பிறகு நாற்றம் வந்தது. சோளப் பொட்டலத்தைப் போட்டுவிட்டு வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

பெரியதம்பி ஓடிவந்து செம்பில் தண்ணீர் நீட்டினார். வெட்கமோ மறைப்போ அவரிடம் கொஞ்சமும் இல்லை. "கழிப்புக் கழிக்கத்தானுங்களே ஐயா. செய்வினை, கண்ணூறு, கோர்ட்டு வழக்கு, புள்ள வரம்னு சனம் வருது. கருஞ்சேவல்ல ஒரு எறகு நெறம் மாறி இருந்தாலும் பலிக்காது. மத்தவன் கோழியெல்லாம் ஏமாத்து. உங்க கோழி ஒண்ணுதான் சொன்னபடி வேலை செய்யும்." பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக உள்ளே போய் ஒரு பால்மா டின்னைக் கொண்டுவந்தார். திறந்து காட்டினார். உள்ளே டெலிபோன் வயர் வளையங்கள், சிவப்பு, மஞ்சள், ஊதா. "கழட்டிக் கழுவி வச்சிருக்கேன் ஐயா. திரும்பப் போட உதவும்ல?"

தியாகராஜா டின்னை வாங்கவில்லை. ரோட்டுக்கு ஏறினார். அன்றைக்குப் பஸ்ஸில் கைலேஞ்சி இல்லாமலே கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அவர் பேச்சில் பெரியதம்பி 'அவன்' ஆனான். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

"கொலைகாரன்" என்று கமலத்திடம் கத்தினார். "வாயால ஊதி ஊதிப் பார்த்தான், எங்க வெட்டலாம்னா பார்த்தான்? தேத்தண்ணி வேற குடுத்தேன் அவனுக்கு, பீங்கான் கோப்பையில!"

கமலம் எல்லாவற்றையும் கேட்டாள். அவளும் முகத்தைச் சுளித்தாள். ஆனால் அவள் நாக்கு சும்மா இருக்கிற நாக்கா?

"றம்லத் வீட்டுச் சட்டிக்குப் போனதெல்லாம் என்னா குத்தம் பண்ணுச்சு? கழுத்துல ஒரு எறகு செகப்பு, அவ்வளவுதானே. நீங்க செகப்பா இருக்குன்னு அனுப்பினீங்க. அவன் கறுப்பா இருக்குன்னு வெட்டுறான். அந்தப் பொம்பளையாவது பசிக்குத் தின்னா."

அவருக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. கொல்லைக்குப் போய்க் கதிரையில் இருந்தார். சேவல்கள் வெயிலில் நின்றன. பச்சை ஓடியது. பார்க்கப் பார்க்க அவருக்கு ஓடைக்கரைதான் ஞாபகத்துக்கு வந்தது. ஒரே நாளில் அந்த நிறமே அவருக்கு அசிங்கமாகிவிட்டது.

விற்பதை நிறுத்தினார். அடுத்த மாதம் பெரியதம்பி வந்தபோது கேட்டைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு வேறு வேறு ஆட்கள் வந்தார்கள். வளர்க்கத்தான் என்று கற்பூரத்தில் அடிக்காத குறையாகச் சத்தியம் பண்ணினார்கள். ஒருத்தி காய்ச்சல் பிள்ளையோடு வந்து காலில் விழுந்தாள். அவளைத் துரத்தியது பல நாள் அவரை உறுத்தியது. ஒரு காலை எழுந்து பார்த்தால் பூட்டை நெம்பியிருந்தது. விற்காமல் வைத்திருந்த நல்ல சேவல் ஏழையும் காணவில்லை. பெட்டைகள் பத்திரமாக இருந்தன. கோணல் விரல் கிழச் சேவல் மட்டும் தனியாகக் கூவிக்கொண்டிருந்தது. முறைப்பாடு எழுதியே தலை நரைத்தவர், யாரிடமும் முறைப்பாடு செய்யவில்லை. கோழி களவு போனதென்று முறைப்பாட்டு மேசையில் சொன்னால் அங்கே வரும் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அன்று மாலையே வேலிக்கருகே போய் நின்றார். "றம்லத், உங்கட செவப்புச் சேவலைக் கொஞ்ச நாளைக்குத் தருவீங்களா?"

றம்லத்தின் சேவல் கழுத்தெல்லாம் நெருப்பு நிறத்தில், பீத்தல் வாலோடு குப்பை கிளறும் சாதாரண நாட்டுச் சேவல். அவள் கைகொட்டிச் சிரித்தாள். "இந்த ஊத்தையனையா? உங்கட ராசாத்திகள்ட கூட்டுக்கா? அண்ணனுக்கு எனத்த புடிச்சி?"

கமலம்கூடப் பதறினாள். "என்னங்க, பதினோரு வருசம்."

"ஒவ்வொரு குஞ்சுக்கும் கழுத்து செவக்கட்டும்" என்றார் தியாகராஜா. "ஒருத்தனும் கத்தி வைக்காத மாதிரி செவக்கட்டும்."

கிழச் சேவலைத் தனிக் கூண்டுக்கு மாற்றினார். செஞ்சேவலைத் தன் கையாலேயே தூக்கி உள்ளே விட்டார். அது உள்ளே போன வேகத்தைப் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பத்து நாள் கழித்துச் சேர்த்த முட்டைகளை அடைவைத்தார். அந்த முறை கூமுட்டையே இல்லை. கிண்ணென்று குஞ்சு பொரித்தது, ஒன்றுக்காவது விரல் கோணவில்லை. கொப்பியில் எதையும் எழுதவில்லை. வளையம் போடவில்லை. நாலாவது மாதம் கழுத்து இறகு இறங்கியது. பதினாலு சேவலுக்கும், உடம்பெல்லாம் கறுத்து, கழுத்தில் மட்டும் கொழுந்து விட்டாற்போல் சிவப்பு. பதினோரு வருடம் துரத்தியடித்தது பதினாலு கழுத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. தியாகராஜா சிரித்தார். சிரிப்பு நன்றாயில்லை என்று கமலம் றம்லத்திடம் சொன்னாள்.

பெரியதம்பி மறுபடி வந்து கேட்டைத் தட்டியபோது இவரே போய்த் திறந்தார். அந்த முகம் சுளிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எத்தனை நாளாகக் காத்திருந்தார்! "வாங்க, வந்து பாருங்க. ஊதிப் பாருங்க" என்றார்.

பெரியதம்பி செருப்பைக் கழற்றினான், கையைக் கழுவினான், ஒரு சேவலைத் தூக்கினான். கழுத்தை ஊதினான். அடுத்ததைத் தூக்கினான். அதையும் ஊதினான். பதினாலையும் பார்த்து முடித்தபோது அவன் முகம் சுளிக்கவில்லை. மலர்ந்திருந்தது.

"செங்கழுத்தன்!" என்றான். "ஐயா, கருஞ்சேவல் கேட்டு மாசத்துக்கு நாலு பேரு வருவான். செங்கழுத்தன் கேட்டுத் தெனமும் நிக்கிறான். அது வேற தேவதைக்கு, வேற காரியத்துக்கு. எங்க தேடினாலும் ஒண்ணு கூடும், ஒண்ணு கொறையும். இதுல பதினாலும் அளவெடுத்த மாதிரி ஒரே எடத்துல ஒரே செகப்பு. எறகுக்கு எறகு வித்தியாசமில்ல. எப்படிங்க ஐயா செஞ்சீங்க?"

எப்படிச் செஞ்சீங்க. அந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை. நடுவர் கேட்கவில்லை, கந்தோரில் ஒருவரும் கேட்கவில்லை, கமலம் கேட்கவேயில்லை.

"அது பெரிய காரியமில்ல" என்றார் தியாகராஜா. "தாய்ப்பக்கம் சுத்தமா நின்னுட்டா முதல் தலைமுறைக் குஞ்செல்லாம் ஒண்ணுபோலத்தான் வரும். அடுத்ததுலதான் கலைஞ்சு போகும். கலையாம இருக்கணும்னா அந்தப் பெட்டைகளை மாத்தாம வச்சுக்கிட்டு, சேவலை மட்டும்..."

அப்போதுதான் தன் குரல் அவர் காதில் விழுந்தது. நல்ல உற்சாகமான குரல். கைகள் வேறு, தாய்ப்பக்கம் இது, தகப்பன்பக்கம் இது என்று காற்றில் காட்டிக்கொண்டிருந்தன. ஓடைக்கரையில் நின்றபோது வந்த அதே அருவருப்பு மறுபடி வந்தது. இந்தத் தடவை அது எதிரே நின்றவனைப் பார்த்து வரவில்லை.

கமலம் குசினி வாசலில் அரிசிச் சுளகோடு நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாளோ தெரியாது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள். "சேவலை மட்டும் என்னா செய்யணும்? சொல்லிக் குடுங்களேன், அந்த மனுசன் காத்துக்கிட்டு நிக்கிறாரு."

பெரியதம்பி செங்கழுத்தன் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கூனிய முதுகோடு, மிகுந்த மரியாதையாக, தியாகராஜாவின் வாயையே பார்த்தபடி நின்றான்.